பழைய முகநூல் பதிவைத் துண்டுப்பிரசுரமாக அடிப்பது முறையா?

கிணற்றடி எழுதியது (17 ஏப்ரல் 2025)

வணக்கம். மே 6 ஆம் திகதி நடைபெறவுள்ள உள்ளூராட்சித் தேர்தலில், யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலுள்ள ஒரு பிரதேச சபைக்குப் போட்டியிடும் சுயேச்சைக் குழு ஒன்றோடு நான் வேலை செய்கிறேன். வட்டாரத்தில் நிற்பவர் வேறொருவர். என் பெயர் விகிதாசாரப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதி இல்லாதிருந்தால் என்னைத் தேடி ஒருவரும் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்திருக்கமாட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேட்கப்போகும் விடயத்தில் நான் நடுநிலையானவள் அல்லள்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சியின் சார்பில் நிற்பவர் ஊரில் மதிப்புள்ள மனிதர். சனசமூக நிலையத்துக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தவர். இம்முறை அவர் வீடு வீடாகப் போகும்போது முன்னால் நடப்பவர்கள் பெண்கள்தான். சென்ற வாரம் எங்கள் குழுவிலுள்ள தம்பி ஒருவர் அவருடைய முகநூல் பக்கத்தில் பின்னோக்கிப் போய், 2016 பெப்ரவரியில் அவர் எழுதிய பதிவொன்றைக் கண்டெடுத்தார். உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்ற திருத்தச் சட்டம் நிறைவேறிய நாட்கள் அவை. பட்டியலை நிரப்புவதற்காகப் பெண்களைத் தேடி அலையும் நிலைக்குச் சபைகள் வந்துவிட்டால் அவற்றைப் பூட்டிவிடுவதே மேல் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். அதற்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் விருப்பமும் இட்டிருக்கிறார்கள். இன்று எங்கள் குழுவில் இருக்கும் இருவரும் அவர்களுள் அடக்கம்.

இதனை ஒரு பக்கத் துண்டுப்பிரசுரமாக ஆயிரத்து ஐந்நூறு படி அடித்து, பிரசாரம் ஓய்வதற்கு முதல்நாள் வீடு வீடாகப் போட வேண்டும் என்று தம்பிமார் நிற்கிறார்கள். பதில் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது என்பதுதான் அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்குத்தான் எனக்கு உறுத்துகிறது. ஆனால், என்னைப் பற்றி, என்னைப் போன்றவர்களைப் பற்றி அப்படி எழுதிய ஒருவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அதே பெண்களை முன்னால் நடக்கவிட்டு வாக்குக் கேட்பதும் உறுத்தத்தான் செய்கிறது. இதைச் செய்யலாமா, செய்தால் பலன் இருக்குமா, சட்டம் என்ன சொல்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். தம்பி எடுத்த ஸ்கிரீன்ஷொட்டைப் பெயரை மறைத்துக் கீழே இணைத்திருக்கிறேன்.


அச்சுக்கூடம் எழுதியது

பிள்ளை, நான் 1978 முதல் யாழ்ப்பாணத்து அச்சகங்களில் வேலை செய்தவன். ஈய எழுத்துக் கோர்ப்பதில் தொடங்கி ஓப்செற், கணினி வரை எல்லாவற்றையும் கண்டுவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். எத்தனை தேர்தல்களுக்கு எத்தனை பேருடைய சேற்றை அச்சடித்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆகவே தொழிலிலிருந்தே தொடங்குகிறேன்.

தேர்தல் துண்டுப்பிரசுரத்தின் அடியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் வெளியிடுபவரின் பெயரும் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. பெயரில்லாமல் அடித்துத் தாருங்கள் என்று கேட்டு வருபவர்கள் எப்போதும் இரவில்தான் வருவார்கள், கூலியையும் முன்கூட்டியே தந்துவிடுவார்கள். உங்கள் தம்பிமாரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அந்தத் தாளின் அடியில் உங்கள் குழுவின் பெயரைப் போட அவர்கள் ஆயத்தமா? தயங்கினால் அந்த வேலையை அவர்களே அரைமனதோடுதான் செய்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில், வேட்பாளர் ஒருவரின் தனிப்பட்ட குணநலன், நடத்தை பற்றிப் பொய்யான கூற்றை வெளியிடுவது ஊழல் செயலாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே முக்கியமான சொல் ‘பொய்யான’ என்பது. ஒருவர் உண்மையிலேயே எழுதியதை முழுமையாக எடுத்துப் போட்டால் அது வேறு கதை. உள்ளூராட்சித் தேர்தலுக்குத் தனியான கட்டளைச் சட்டம் இருப்பதால், இதையெல்லாம் தெரிவத்தாட்சி அலுவலரின் அலுவலகத்தில் நேரே கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் மறந்துவிட வேண்டாம்; வெட்டி ஒட்டிய படத்தை வைபரிலும் வாட்ஸ்அப்பிலும் பரப்புகிறவர்கள் அது தங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது என்னுடைய கதை. முன்பொரு தேர்தலில் ஒரு வேட்பாளருடைய பழைய மேடைப் பேச்சைப் பத்திரிகையிலிருந்து எடுத்துத் துண்டுப்பிரசுரமாக அடிக்கக் கொண்டுவந்தார்கள். கையால் எழுதிய பிரதிதான் எனக்குக் கிடைத்தது. பத்திரிகையை நான் பார்க்கவில்லை. இளஞ்சிவப்புத் தாளில் இரண்டாயிரம் அடித்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அந்த வேட்பாளரே அச்சகத்துக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் நாலாக மடித்த, ஓரங்கள் பழுப்பேறிய பத்திரிகை. அதை மேசையில் விரித்து, ஒரு வசனத்தின் கடைசியில் விரலை வைத்துப் பேசாமல் நின்றார். நாங்கள் அடித்த வசனம் அப்படியேதான் இருந்தது, ஆனால் பத்திரிகையில் அது அங்கே முடியவில்லை. அதற்குப் பின்னால் “என்று அவர்கள் கூறுவதை நான் எப்படி ஏற்பது?” என்று இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. நம்முடைய மொழியில் ‘என்று’ கடைசியில் வருகிறது. யார் சொன்னது, ஏற்றுச் சொன்னதா, மறுத்துச் சொன்னதா என்பதெல்லாம் வசனத்தின் வாலில்தான் இருக்கிறது. வாலை நறுக்கிவிட்டால், அடுத்தவனுடைய கருத்தை எடுத்துக்காட்டி மறுத்தவனே அதைச் சொன்னவனாகிவிடுவான். அந்த மனிதர் என்னை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். பத்திரிகையைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதனால்தான் உங்கள் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். ஐந்தாவது வரியின் கடைசியில், சாம்பல் நிறத்தில், ‘மேலும் பார்க்க’ என்று இருக்கிறது. அதை ஒருவரும் அழுத்திப் பார்க்கவில்லையா?


கிணற்றடி எழுதியது

ஐயா, வெட்கமாக இருக்கிறது. ஒருவரும் அழுத்திப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நாங்கள் ஏழு பேர் அந்தப் படத்தை ஒரு வாரமாக ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்துக்கு மீண்டும் போனவர் எவரும் இல்லை.

இன்று காலை போய்ப் பார்த்தேன். மேலும் நான்கு வரிகள் இருக்கின்றன. முதல் இரண்டில், மாதர் சங்கங்களில் ஆண்டுக்கணக்காக உழைத்த பெண்களை வட்டாரங்களிலேயே நிறுத்துங்கள், பெயருக்குப் பட்டியலில் போட்டு அவமதிக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார். அதை வாசித்தபோது துண்டுப்பிரசுரம் அடிக்காமல் விட்டது நல்லது என்று நினைத்தேன். ஆனால் அடுத்த இரண்டு வரிகளில், இருட்டிய பின்னர் நடக்கும் கூட்டங்களுக்குக் கல்யாணமாகாத பெண்பிள்ளைகள் போய்வருவதை எந்தத் தாய் தகப்பன் ஏற்பார்கள் என்று கேட்டிருக்கிறார். ஆக, முழுவதையும் வாசித்தால் அவர் ஓர் இடத்தில் நாங்கள் நினைத்ததைவிட நல்லவராகவும், இன்னோர் இடத்தில் நாங்கள் நினைத்ததைவிட மோசமானவராகவும் தெரிகிறார். எனக்கு இருபத்தொன்பது வயது, கல்யாணமாகவில்லை, எங்கள் குழுவின் கூட்டங்கள் எல்லாம் இரவு ஏழு மணிக்குத்தான்.


வடமராட்சி ஆசிரியர் எழுதியது

நான் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்தக் கேள்வியைப் புதிதென்று நினைக்கிறவர்கள் முகநூலைப் பார்த்து மயங்குகிறார்கள். ஒருவருடைய பழைய வாயை அவருக்கே எதிராகத் திருப்புவது நமது மேடைகளின் மூத்த கலை.

1926 இல், அரசியலுக்கு வந்த புதிதில், எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே பொருத்தம் என்று ஆங்கிலப் பத்திரிகையொன்றில் தொடர்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்துக்கு வந்து அதையே பேசவும் செய்தார். முப்பது ஆண்டுகள் கழித்து 1956 இல் அவரே தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அன்றைய விவாதத்தில், ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அந்த கொல்வினே பின்னர் அரசியலமைப்பு விவகார அமைச்சராகி, சிங்களத்தை அரசகரும மொழியாகவும் பௌத்தத்தை முதன்மையிடத்திலும் வைத்த 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பை ஆக்கினார். இவை இரண்டையும் நாங்கள் ஐம்பது, எழுபது ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வருகிறோம். சரியாகவே எடுத்துக்காட்டி வருகிறோம். எந்த விடயத்தில் அவர்கள் முன்பு ஒன்று சொன்னார்களோ, அதே விடயத்தில் முடிவெடுக்கும் கதிரையில் அவர்கள் பின்னர் இருந்தார்கள் என்பதே அதற்குக் காரணம்.

நம்முடைய பக்கத்துக்கு வருவோம். 1948 இல் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன காலம் அது. அந்த முறிவிலிருந்து பிரிந்தவர்களைக் கொண்டு எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அடுத்த பதினைந்து ஆண்டுகள் யாழ்ப்பாணத்து மேடைகளில் ‘அமைச்சர் பதவி’ என்பது ஏறத்தாழ ஓர் ஏச்சுச் சொல்லாக இருந்தது. பிறகு 1965 இல் தமிழரசுக் கட்சியே டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் பங்கெடுத்தது, மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். 1972 இல் காங்கிரசும் தமிழரசும் தமிழர் கூட்டணியில் ஒன்றாக நின்றன. ஒருவரையொருவர் முன்னர் சொன்னவற்றையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அன்றைய தொண்டர்கள் திண்டாடியதை என் தகப்பனார் சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

இதைச் சொல்வதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. இப்போதைய கலப்பு முறையில் 60 வீதம் வட்டாரத்தாலும் 40 வீதம் விகிதாசாரத்தாலும் உறுப்பினர்கள் வருகிறார்கள். ஆகவே ஒரு கட்சி அறுதிப் பெரும்பான்மை பெறுவது அரிது. 2018 இல் யாழ்ப்பாண மாநகர சபையின் 45 ஆசனங்களில் முதலாவதாக வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கிடைத்தவை 16 மட்டுமே. தேர்தலுக்கு அடுத்த கிழமை தவிசாளரைத் தெரிவு செய்வதற்கு நீங்கள் யாருடைய வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பது இன்று உங்களுக்குத் தெரியாது.

என் கருத்தைக் கேட்டால், சமஷ்டி பற்றியோ சர்வதேச விசாரணை பற்றியோ அவர் 2016 இல் என்ன எழுதினார் என்பது பிரதேச சபைத் தேர்தலுக்குப் பொருட்டே அல்ல. வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் அது வேண்டாம். ஆனால் பெண்கள் சபையில் இருப்பது பற்றிய அவருடைய எண்ணம் பொருட்டானது, ஏனென்றால் அவர் நாளைக்கு அவர்களோடு அதே மேசையில் இருக்கப் போகிறார், கூட்டம் எத்தனை மணிக்கு என்பதைத் தீர்மானிப்பவர்களுள் அவரும் ஒருவராக இருப்பார். ஆகவே கேட்கலாம். கேட்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் கேட்பது வேறு, பதில் சொல்ல முடியாத இரவில் படலைக்குள்ளால் தாளைத் தள்ளிவிட்டுப் போவது வேறு.


ரொறன்ரோவாசி எழுதியது

ஆசிரியர் ஐயாவின் மேல் மதிப்பு வைத்துக்கொண்டே மாறுபடுகிறேன். வாக்காளருக்குத் தெரியும் உரிமை இருக்கிறது, அவ்வளவுதான். எப்போது தெரியவருகிறது என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் வெளியே வராது. இங்கே கனடாவில் 2015 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது, பழைய முகநூல், ருவிற்றர் பதிவுகள் வெளியே வந்ததால் ஒரு கட்சி என்றில்லாமல் பல கட்சிகளிலும் வேட்பாளர்கள் விலக நேர்ந்தது. தங்களுடைய ஆட்களைத் தாங்களே முன்கூட்டி ஆராய வேண்டும் என்ற பாடத்தைக் கட்சிகள் அதிலிருந்துதான் படித்தன. அங்கேயும் அப்படி ஒரு சூடு விழுந்தால் நல்லதுதானே?

ஆனால் பலன் கிடைக்குமா என்ற கேள்விக்கு நேர்மையாகச் சொல்வதானால், நிச்சயமில்லை. 2019 செப்ரெம்பரில், தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, பிரதமர் ஜஸ்ரின் ரூடோ 2001 இல் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு எடுத்த படம் வெளிவந்தது. அவர் உடனே மன்னிப்புக் கேட்டார். பெரும்பான்மையை இழந்தாலும் ஆட்சியை இழக்கவில்லை. எதிர்மறைப் பிரசாரம் பற்றிய 111 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு மீளாய்வு 2007 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அப்படிப்பட்ட பிரசாரம் ஆட்களுடைய நினைவில் நிற்கிறது, ஆனால் அதைச் செய்தவருக்கு வாக்குகளைச் சேர்த்துக் கொடுக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே அதன் முடிவு. ஊரிலும் பாருங்கள். வடக்குக் கிழக்கு இணைப்புக்கு எதிராக ஜே.வி.பி. வழக்குப் போட்டு, 2006 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்றதை 2024 இல் நினைவூட்டாத தமிழ்க் கட்சி இல்லை. ஆனாலும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அதே ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்குப் போனது.

பலன் இல்லாவிட்டாலும் உண்மை வெளியே வர வேண்டும் என்பதே என் கட்சி. பயந்து பயந்து எல்லாவற்றையும் மூடி வைத்துத்தான் ஊர் இந்த நிலைக்கு வந்தது.


இடம்பெயர்ந்தவன் எழுதியது

கடைசி வசனத்தை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. பயந்து பயந்து மூடி வைத்தோம் என்கிறீர்கள், அண்ணா. எதற்குப் பயந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கனடாவில் 2001 இல் ஒருவர் செய்தது அவர் செய்ததுதான். இங்கே 1986 க்கும் 2009 க்கும் இடையில் ஒருவர் மேடையில் என்ன சொன்னார், எந்த ஊர்வலத்தில் எந்த அட்டையைப் பிடித்தார், எந்த மனுவில் கையெழுத்து வைத்தார் என்பதை வைத்து அவருடைய மனதை அளக்க முடியுமா? நான் பத்தொன்பது வயதில் வன்னியில் ஒரு கூட்டத்தில் நன்றியுரை சொன்னேன். என்னிடம் கேட்காமலேயே என் பெயர் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. அதற்குப் பிறகு, முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருந்த நாட்களில், வேறொரு கூட்டத்தில் வேறு ஆட்களுக்கு அதே தொண்டையால் நன்றி சொன்னேன். இரண்டையும் எவரோ படம் பிடித்தார்கள். நாளைக்கு நான் ஒரு பட்டியலில் பெயர் கொடுத்தால் முதலாவது படத்தை ஒரு தரப்பும் இரண்டாவது படத்தை மறு தரப்பும் தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டும் உண்மையான படங்கள். இரண்டிலும் நான் இல்லை.

அத்தோடு, பழையதைத் தோண்டி எடுப்பவர் அது யாருடைய கண்ணில் படும் என்பதைத் தீர்மானிக்க முடியாது. முகநூலில் இட்ட ஒரு படத்துக்காக இளம் பிள்ளைகள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகிய ஊர் இது. 1979 இல் தற்காலிகம் என்று வந்த அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் பொங்கு தமிழ் எழுச்சி நிகழ்வில் ஒருவர் பேசிய காணொளியை, இன்று அவர் எவ்வளவு மாறிவிட்டார் என்று கேலி செய்வதற்காக நீங்கள் பகிரலாம். அதைப் பார்த்துக் கதவைத் தட்டுகிறவர் கேலிக்காக வரமாட்டார்.

மொழியும் ஒரு சிக்கல். 2020 மே மாதத்தில், பொதுத் தேர்தலுக்கு முன்னர், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன் சிங்கள ஊடகவியலாளர் ஒருவருக்குச் சிங்களத்தில் அளித்த நேர்காணலில் ஆயுதப் போராட்டத்தைத் தான் ஆதரிக்கவில்லை என்று கூறியது பெரும் சர்ச்சையானது. அவர் கூறியதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம்; நானே ஏற்கவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் அதைப் பற்றிக் கொதித்தவர்களுள் சிங்களம் விளங்கியவர்கள் எத்தனை பேர், அந்த நேர்காணலை முழுமையாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒரு நிமிடத் துண்டும் அதன் கீழே எவரோ போட்ட தமிழ் வரிகளும்தான் எங்களுக்கு வந்து சேர்ந்தன. அந்தத் தேர்தலில் அவர் வென்றார், 2024 இல் தோற்றார். எந்தத் துண்டு எந்த வாக்கை மாற்றியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

தங்கச்சி, உங்களுடைய விடயம் இவ்வளவு பாரமானதல்ல என்று எனக்குத் தெரியும். 2016 இல் அவர் கையைப் பிடித்து ஒருவரும் எழுதச் சொல்லவில்லை. ஓய்வாக வீட்டில் இருந்து எழுதினார். ஆகவே அது அவருடைய கருத்து என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் ஒரு முறை இந்தக் கருவியை எடுத்துக் கையில் பழகியவர்கள் அடுத்த முறை எந்த ஆண்டு வரை தோண்டுவார்கள் என்பதுதான் எனக்குள்ள பயம்.


அச்சுக்கூடம் எழுதியது

இடம்பெயர்ந்தவன் சொன்னதை வாசித்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1981 ஜூன் 4 ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். அதற்காகப் பகலிரவாகத் துண்டுப்பிரசுரம் அடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. யார் எந்த ஆண்டில் என்ன சொன்னார் என்று தேடிப் பார்க்கக்கூடிய பத்திரிகைக் கோப்புகளில் பெரும்பகுதி அந்த ஒரு கிழமையில் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருவருடைய பழைய பேச்சு என்பது, எவருடைய வீட்டுப் பரணில் எந்தத் தாள் கறையானுக்குத் தப்பியிருக்கிறது என்பதைப் பொறுத்த காரியமாகிவிட்டது. இப்போது நூலகம் இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். பக்கம் முழுவதும் இருக்கிறது என்பதுதான் அதிலுள்ள சிறப்பு. அரைவாசியை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவனிடம் மீதியைக் காட்டலாம்.


ரொறன்ரோவாசி எழுதியது

தம்பி இடம்பெயர்ந்தவன், அந்த வசனத்தை நான் எழுதியிருக்கக்கூடாது. 1990 இல் ஊரைவிட்டு வந்தவன் நான். அதற்குப் பின்னர் நடந்தவற்றைத் தொலைபேசியில் கேட்டவன். வற்புறுத்தலின் கீழ் சொன்னவற்றை எடுக்கக்கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் 2016 ஆம் ஆண்டுப் பதிவைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை: முழுமையாக, திகதியோடு, குழுவின் பெயரைப் போட்டு வெளியிடலாம், அதுவும் இன்றே வெளியிடலாம். கடைசி நாள்வரை காத்திருப்பதைத்தான் நானும் வேண்டாம் என்கிறேன்.


கிணற்றடி எழுதியது (28 ஏப்ரல் 2025)

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

துண்டுப்பிரசுரம் அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக, சனசமூக நிலையத்தில் எல்லா வேட்பாளர்களையும் அழைத்து ஒரு சந்திப்பு வைத்தபோது, கேள்வி நேரத்தில் நான் எழுந்து நின்று கேட்டேன். மாலை நாலரை மணிக் கூட்டம். ஐம்பது பேர் வரை இருந்தார்கள். பதிவின் ஒன்பது வரிகளையும் தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன், முழுவதையும் வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் கால் நடுங்கிவிட்டது.

அப்படி எழுதியது தனக்கு ஞாபகமில்லை என்றுதான் அவர் தொடங்கினார். முன்வரிசையில் இருந்த ஒருவர் தொலைபேசியில் பதிவை எடுத்துக் கொடுத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையை விரலால் பெரிதாக்கி, நிதானமாக வாசித்தார். பிறகு, எழுதியது நான்தான் என்றார். பட்டியலுக்குப் பெயர் சேர்ப்பது பற்றி எழுதியதில் இன்றைக்கும் மாற்றமில்லை, வட்டாரத்தில் நிற்கப் பெண்களுக்கு ஏன் இடம் கொடுக்கிறார்கள் இல்லை என்று உங்கள் குழுவையே கேளுங்கள் என்றார். எங்கள் குழுவில் வட்டாரத்துக்கு நிறுத்தப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இருட்டிய பின்னர் கூட்டம் என்ற வரிகளைப் பற்றி நான் திரும்பவும் கேட்டேன். அது அந்தக் காலத்து யோசனை என்று சொல்லிவிட்டு அடுத்தவருடைய கேள்விக்குப் போய்விட்டார். 2016 எந்தக் காலம் என்று பின்னாலிருந்து ஓர் அக்கா கேட்டார். அவருக்குக் காது கேட்டதா தெரியவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது எங்கள் தம்பிமார் என்னோடு கதைக்கவில்லை. நல்ல துருப்புச் சீட்டை வீணாக்கிவிட்டேன் என்பது அவர்களுடைய கோபம். இரண்டு நாட்கள் கழித்து, ஊர் வைபர் குழுமத்தில் அந்தப் பழைய ஐந்து வரிப் படம் வந்தது, ‘மேலும் பார்க்க’ என்ற சொற்களையும் நறுக்கிவிட்டு. யார் போட்டது என்று தெரியவில்லை. அனுப்பிய இலக்கம் ஊரில் ஒருவரிடமும் இல்லை. ஆனால் கூட்டத்தில் அதைக் கேட்டவள் நான் என்பதால், போட்டவளும் நானே என்று அவருடைய ஆட்கள் சொல்லித் திரிகிறார்கள். நேற்றுச் சங்கக்கடையில் அவருடைய மனைவி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்ன வயதில் எனக்குத் தையல் பழக்கியவர் அவர்.

முழுப் பதிவையும் அதே குழுமத்தில் நானே போட்டிருக்கிறேன், என் பெயரில். இதுவரை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள்.